ஒரே ஃபைலில் ஒரு கல்யாணம்

படம் மூன்று மணி நாற்பது நிமிடம். அதில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட முடியாது என்பது சாய்ராவுக்கு நன்றாகத் தெரியும். கொச்கோர் பஜாரில், செருப்புக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் ஒன்பது வருடமாகக் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறாள். மைக்கைப் பிடித்து மணமக்களுக்கு வாழ்த்துச் சொன்ன ஒருவரை வெட்டிவிட்டு அந்த ஊரில் நிம்மதியாக ரொட்டி வாங்கப் போக முடியாது. "என் வாழ்த்து எங்கம்மா?" என்று கடை வாசலிலேயே மறித்துக்கொள்வார்கள். ஒரு பெரியவரின் இருமலை வெட்டப்போய், அவருடைய மகன்கள் மூன்று பேரும் வந்து "எங்கப்பா இருமறதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுபடியும் இருமலைச் சேர்த்துக் கொடுத்தாள்.

இந்த முறை கல்யாணம் அவளுடைய சொந்த வீட்டில். கொழுந்தன் சமாத்துக்கு மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரான அத்பாஷியிலிருந்து ஜிபெக்கைக் கட்டிவைத்தார்கள். மாமியார் ஜூரா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

"வெளியாள் வந்து எடுத்தா நம்ம சனம் யாரு, எவருன்னு அவனுக்கு என்ன தெரியும்? சமையல்காரன் மூஞ்சியத்தான் எடுத்துட்டுப் போவான். நீயே எடு."

"அப்ப கறி பங்கு வைக்கிறதை யாரு பாத்துக்கறது ஆபா?" என்று சாய்ரா மாமியாரைக் கேட்டாள். எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகவேண்டும் என்பதில் அந்த வீட்டு மூத்த மருமகளான அவள் புலி.

"அதுக்குத்தான் உன் புருஷன் இருக்கானே."

அங்கேதான் வந்தது வினை. ஆட்டின் இடுப்பெலும்பு விருந்தில் மிகப் பெரியவருக்கு. முன்னங்கால் எலும்பு பொடிசுகளுக்கு. மாற்றி வைத்தால் செருப்பால் அடித்ததற்குச் சமம். ஜிபெக்கின் தாய்மாமன் ஷர்ஷென், அறுபத்திரண்டு வயது, பெண் வீட்டாரில் முதல் ஆள். அவர் பக்கத்துக்காரரோடு பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு முன்னால் இருந்தது முன்னங்கால் எலும்பு.

அவர் தட்டைத் தொடவில்லை. மைக் வந்தபோது வேண்டாம் என்றார். மூன்று முறை கெஞ்சினார்கள். நான்காவது முறை எழுந்து நின்று, "இந்த வீட்டுல பெரியவங்க யாரு சின்னவங்க யாருன்னு தெரியாம இருக்கலாம், ஆனா எங்க பொண்ணுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பேசி முடித்து, மனைவியை எழுப்பிக்கொண்டு, தோலோன் கணவாயைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தார். மூன்று வாரமாக ஜிபெக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

ஜிபெக்கின் அப்பா அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்தத் தாய்மாமன்தான். அவள் புகுந்த வீட்டில் பம்பரமாக வேலை செய்கிறாள், கேட்டால் சிரிக்கிறாள். ஆனால் தேநீர் ஊற்றும்போது கிண்ணம் நிரம்பி வழிவது தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், தான் கேமராவுக்குப் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்ற நினைப்பு சாய்ராவை விடவில்லை.

அவள் கணவன் தாலாய் மட்டும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "இந்தக் கையால நான் வச்சது இடுப்பெலும்புதான்!" வாரத்துக்கு இரண்டு முறை கார் சாவியைத் தொலைக்கிற ஆளின் பேச்சை யார் நம்புவது?

நாளைக்குப் பெண்ணை முதல் முறையாகப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். அதை மறுக்க எந்தத் தாய்மாமனுக்கும் உரிமை கிடையாது. ஷர்ஷென் மனைவி உல்கான் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: "வரட்டும். கல்யாணப் படத்தையும் கொண்டாரட்டும். நம்ம டிவியில போட்டுப் பாப்போம். நான் பேசினதை எத்தனை நிமிஷம் வெட்டியிருக்காங்கன்னு நான் பாக்கணும்."

காலை பத்து மணிக்கு சாய்ரா ஸ்டூடியோவைத் திறந்ததும் ஜிபெக்கைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்க மாமா வீட்டு டிவி என்ன டிவி?"

"பெருசு எஜே." ஓரகத்தியை அக்கா என்ற பொருளில் ஜிபெக் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பெருசுன்னு ஒரு கம்பெனி இருக்கா? பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லு."

"ஐயோ, அவர்கிட்டயா? என் டிவி மேலயே சந்தேகமான்னு அதுக்கு ஒரு வருஷம் கோவிச்சுக்குவாரு. அத்தைகிட்ட கேக்கறேன்."

அரை மணி நேரத்தில் படம் வந்தது. டிவி மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துணியை ஒரு கை விலக்கிப் பிடித்திருந்தது. அகலமான வெள்ளி வளையல் போட்ட கை. அதற்குப் பக்கத்தில் மங்கலாக ஸ்டிக்கர். சாய்ரா எண்ணைப் பெரிதாக்கிப் படித்தாள், இணையத்தில் தேடினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

எட்டு வருடத்துப் பழைய டிவி. ஸ்மார்ட் என்று பெயர்தான். எச் 265 என்ற புதிய முறையில் சுருக்கினால் படம் பாதி இடத்தில் அடங்கிவிடும், ஆனால் இந்த டிவிக்கு அந்தப் பாஷையே தெரியாது. திரையில் ஒன்றும் வராது, சத்தம் மட்டும் கேட்கும். ஆகவே பழைய எச் 264 தான். ஒலியும் சாதாரண ஏஏசி. சினிமாக்காரர்களின் ஒலி முறையைக் கொடுத்தால் படம் ஓடும், ஷர்ஷென் வாயசைப்பார், சத்தம் வராது. அவரை ஊமையாக்கிய பாவம் வேறு வந்து சேரும். எல்லாவற்றுக்கும் மேல், இந்த டிவி பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் நான்கு ஜிபியைத் தாண்டக்கூடாது.

வழக்கமாக அவள் கொடுக்கிற தரத்தில் இந்தப் படம் பன்னிரண்டு ஜிபி.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு ஜூரா மாடி ஏறி மூச்சு வாங்க வந்தாள். சாய்ரா விஷயத்தைச் சொன்னாள். "மூணா பிரிச்சுக் குடுத்துடலாம் ஆபா. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைப் போட்டுக்கணும்."

ஜூரா தூக்கைத் திறக்காமல் நின்றாள். "அவரு வாழ்த்து எதுல வரும்?"

"அவரு கடைசியிலதானே பேசினாரு. மூணாவதுல."

"நல்லா இருக்கு! எலும்புலதான் கடைசி, படத்துலயும் கடைசியா? 'எங்களை மூணாவது பந்தியில உக்கார வச்சுட்டாங்க'ன்னு அத்பாஷி முழுக்கச் சொல்லுவாரு. மனுஷன் முதல் ஃபைல் முடிஞ்சதுமே எழுந்து குதிரையைப் பாக்கப் போயிடுவாரு."

"அவரை முதல்ல கொண்டாந்துட்டா?"

"அப்புறம் முதல்ல பேசின என் அண்ணன் விடுவானா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. உட்காரும் இடத்தில் வரிசை பார்க்கிற சனம், ஃபைலில் பார்க்காமல் இருக்குமா? படம் ஒரே ஃபைலாக இருக்கவேண்டும். ஒரு ஆளையும் வெட்டக்கூடாது. நான்கு ஜிபிக்குள் அடங்கவேண்டும். சாய்ரா கணக்குப் போட்டாள்: நொடிக்கு இரண்டரை மெகாபிட். ஒரு கல்யாணத்துக்கு அது ரொம்பக் கஞ்சத்தனமான தீனி.

மாமியார் போனதும் சோதனைக்கு உட்கார்ந்தாள். முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. எந்த இடத்தில் அசைவு அதிகமோ அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவள் வழக்கம். அது தேறினால் மற்றதெல்லாம் தேறும். இந்தப் படத்தில் அந்த நிமிடம் கறி பங்கு வைத்த நிமிடம்தான். நாற்பது கைகள், ஆவி பறக்கும் தாம்பாளங்கள், குறுக்கே ஓடும் பெண்கள்.

முதலில் முழு அளவில், ஆயிரத்து எண்பதில் வைத்துப் பார்த்தாள். ஸ்டூடியோ மூலையில் இருந்த டிவியில் செருகினாள். அசைந்ததெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்தது. தாலாய் ஷர்ஷெனின் தட்டில் ஏதோ வைத்தான். பழுப்பாக ஒரு கட்டி. எலும்பா, உருளைக்கிழங்கா, அவன் தொலைத்த கார் சாவியா என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

பிறகு அளவை எழுநூற்று இருபதுக்கு இறக்கினாள். அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. பனி மலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு, காற்றில் விரல் மரத்துப்போக எடுத்த காட்சிகள் அந்தப் படத்தில் இருந்தன. அந்த அழகெல்லாம் குறையும். குறையட்டும், மலை வந்து என் காட்சி எங்கே என்று கேட்கப்போவதில்லை. இரண்டு முறை ஓடும் வகையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் ஓட்டத்தில் கணினி படம் முழுவதையும் பார்த்து எங்கே அசைவு அதிகம், எங்கே குறைவு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில், அசையாத இடத்தில் மிச்சம் பிடித்து அசைகிற இடத்துக்குத் தாராளமாகக் கொடுக்கும். ஷர்ஷென் இருபத்திரண்டு நிமிடமும் கோபத்தில் விறைத்து ஆணி அடித்ததுபோல நின்றே பேசியிருந்தார். அந்த மிச்சமெல்லாம் கறி பங்கு வைத்த நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மாலைத் தேநீருக்கு முன்னால் முழுப் படமும் தயாராகிவிட்டது. அளவு மூன்று புள்ளி எட்டு ஜிபி. சாய்ரா அதே நிமிடத்தை டிவியில் போட்டாள். கண்ணாடியாக இருந்தது.

தாலாயின் கை வந்தது. ஷர்ஷெனின் தட்டில் வைத்தது. இடுப்பெலும்பு. சந்தேகமே இல்லை, முழு இடுப்பெலும்பு. ஷர்ஷென் பக்கத்துக்காரரிடம் திரும்பிக் குதிரையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். படத்தின் இடது மூலையிலிருந்து இன்னொரு கை நீண்டது. மஞ்சள் பிளாஸ்டிக் பையைப் பிரித்தது. இடுப்பெலும்பை எடுத்து உள்ளே போட்டது. முடிச்சுப் போட்டு மேசைக்குக் கீழே வைத்தது. அப்போது எதிரே இருந்த பொடியன் எழுந்தான். போக வழி வேண்டுமே என்று அவன் தட்டை யாரோ ஷர்ஷென் பக்கம் நகர்த்தினார்கள், முன்னங்கால் எலும்போடு. ஷர்ஷென் திரும்பினார். அவர் முகம் மாறியது.

பையில் போட்ட கையில் அகலமான வெள்ளி வளையல்.

விருந்தில் கிடைத்த கறியைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாத பெண் அந்த நாட்டில் கிடையாது. பை கொடுப்பதே விருந்து வைப்பவர்கள்தான். உல்கான் எஜே கொஞ்சம் சுறுசுறுப்பு அதிகமான பெண்மணி, அவ்வளவே. புருஷன் அந்த எலும்பைப் பார்த்தாரா என்றுகூடப் பார்க்காமல் கட்டிவிட்டாள். எடிட் செய்தபோது சாய்ரா இந்த இடத்தை நூறு தடவை தாண்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் கண் மணமகளின் தலைத்துணி சரியாக இருக்கிறதா என்பதிலேயே இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அடப்பாவி மனுஷா, நீ சொன்னது நிஜம்தானா!" என்று தாலாயை நினைத்து வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் சிரிப்பு அடங்கியது. இந்தப் படத்தை அத்பாஷியில் போட்டால் தன் வீட்டு மானம் பிழைக்கும். ஆனால் ஒரு கேள்வியும் கேட்காமல் டிவிக்குப் பின்னால் குனிந்து ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பிய பெண், தன் வீட்டில், தன் சனத்துக்கு நடுவில் தலைகுனிவாள். மங்கலான படத்தைப் போட்டால் அவள் பிழைப்பாள். ஆனால் ஜிபெக்கின் போனை ஷர்ஷென் எடுக்கமாட்டார்.

சாய்ரா முழுப் படத்தையும், சதுரம் சதுரமாக உடைகிற ஆயிரத்து எண்பதிலும் ஒரு முறை ஓடவிட்டாள். இரண்டு பென்டிரைவ் எடுத்தாள். சிவப்பில் தெளிவு, கறுப்பில் மங்கல். இரண்டையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். கணவாயில் பனி கொட்டியிருந்தது. தாலாய் காரை ஓட்டினான். ஜூரா முன் சீட்டில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசினாள். பின்னால் சமாத்தும் ஜிபெக்கும் சாய்ராவும். ஜிபெக் ஜன்னலைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தாள்.

ஷர்ஷென் வாசலில் நின்று எல்லோரையும் முறைப்படி வரவேற்றார். ஜூராவை வாசலுக்கு நேரெதிர் உள்ள மரியாதை இடத்தில் உட்காரவைத்தார். ஜிபெக் குனிந்து வணங்கினாள். "வந்தியா" என்றார். அவ்வளவுதான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள்.

சாய்ரா சமையலறைக்குப் போனாள். உல்கான் மாவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். வளையல் மாவில் தோய்ந்திருந்தது.

"எஜே, என்கிட்ட ரெண்டு பென்டிரைவ் இருக்கு. ஒண்ணுல படம் தெளிவா இருக்கும். ஒண்ணுல கொஞ்சம் மங்கலா இருக்கும்."

"மங்கலா ஒண்ணை ஏன் கொண்டாந்தே?"

"தெளிவா இருக்கறதுல ஒரு மஞ்சப் பை தெரியுது எஜே."

எண்ணெயில் கிடந்த துண்டுகள் சிவந்து கறுக்க ஆரம்பித்தன. உல்கான் திருப்பவில்லை. சாய்ரா கரண்டியை வாங்கித் தானே அள்ளி எடுத்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் உல்கான் மெதுவாக. "மறுநாள் காலையில பையைத் திறந்தப்பவே தெரிஞ்சு போச்சு. சொல்லிடலாம்னு மூணு வாரமா வாயைத் திறக்கறேன், மூடறேன். அந்தப் பொண்ணு போன் அடிக்கறப்பல்லாம் அவரு எடுக்கமாட்டேங்கறாரு, எனக்குச் சொல்ல தைரியம் வரல."

"கறுப்பைப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

உல்கான் மாவுக் கையைத் துண்டில் துடைத்தாள். "வேணாம். நல்லா தெரியறதையே போடு. எனக்கு வராத வார்த்தையை அந்தப் படமே சொல்லிட்டுப் போகட்டும்."

டிவி மேலிருந்த பூவேலைத் துணியை ஷர்ஷென் தன் கையாலேயே எடுத்தார். சாய்ரா சிவப்பைச் செருகினாள். திரையில் ஃபைலின் பெயர் வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. ஜூரா முணுமுணுவென்று துவா ஓதினாள். பிறகு பனி மலை விரிந்தது, இசையும் வந்தது. சாய்ரா பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரிமோட் ஷர்ஷெனின் கையில். ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார். "இது முதல் பாகமா? நம்ம ஆளுங்க எதுல வர்றோம்?"

"ஒரே பாகம்தான் பைகே" என்றாள் சாய்ரா, அண்ணன் முறை சொல்லி. "எல்லாரும் ஒண்ணாத்தான் வர்றோம்."

"என் பேச்சு?"

"இருபத்திரெண்டு நிமிஷம். நீங்க தொண்டையைக் கனைச்சதுகூட இருக்கு."

அவர் "ம்" என்றார். அந்த "ம்" கொஞ்சம் இளகியிருந்தது.

கறித் தாம்பாளங்கள் வந்தன. தாலாயின் கை வந்தது, வைத்தது. ஷர்ஷென் முன்னால் சாய்ந்தார். மஞ்சள் பை வந்தது. ஷர்ஷென் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். ஜிபெக் தேநீர்க் கிண்ணத்தோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அந்த வளையல் யாரோடது?" என்றார் ஷர்ஷென்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்றாள் வாசலில் நின்ற உல்கான். "நீங்க வாங்கிக் குடுத்ததுதான்."

"அப்ப அந்த இடுப்பெலும்பு எங்க போச்சு?"

"எங்க போகும்? மறுநாள் காலையில நீங்கதான் தின்னீங்க."

"நானா?"

"நீங்கதான். சம்பந்தி வீட்டைத் திட்டிக்கிட்டே தின்னீங்க. தின்னு முடிச்சுட்டு, 'அங்க எனக்கு மரியாதை இல்லாட்டி என்ன, என் பொண்டாட்டி எனக்கு இடுப்பெலும்பு எடுத்து வச்சிருக்கா பாரு'ன்னு என்னைப் பாராட்டுனீங்க!"

முதலில் சிரித்தது ஜூரா. அடக்கப் பார்த்து, முடியாமல், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சமாத். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. தாலாய் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்று, "நான் சொன்னேன்ல? மூணு வாரமா சொன்னேன்ல?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

ஷர்ஷெனின் முகம் காதுவரை சிவந்திருந்தது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "ருசியாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில். பிறகு ஜிபெக்கைப் பார்த்தார். "அங்க ஏன் நிக்கற? வா, என் பக்கத்துல உக்காரு. போன் எடுக்காத கிழவனைத் திட்டணும்னா கிட்ட வந்து திட்டு." அவள் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

படம் ஓடியது. மைக் வந்தது. திரையில் ஷர்ஷென் எழுந்து, "இந்த வீட்டுல பெரியவங்க யாரு சின்னவங்க யாருன்னு தெரியாம இருக்கலாம்" என்று ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்திருந்த ஷர்ஷென் அவசரமாக ரிமோட்டைத் தேடினார். அது ஜூராவின் மடியில் இருந்தது.

"இதைத் தள்ளி விடுங்க சம்பந்தியம்மா. நீளமா இருக்கு."

"அதெப்படி?" என்றாள் ஜூரா. "ஒரு நிமிஷம்கூடக் குறையக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினீங்களே. என் மருமக எவ்வளவு பாடுபட்டு உள்ள அடைச்சிருக்கா!"

இருபத்திரண்டு நிமிடத்தையும் அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஜிபெக் அவர் கையை விடவில்லை.

சாப்பாட்டுக்கு ஆடு வெட்டியிருந்தார்கள். ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டு. ஒன்றை ஷர்ஷென் ஜூராவின் தட்டில் வைத்தார். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசையில் தனக்கு உரியதை விட்டுவிட்டு, தாலாயின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"என் கண்ணு முன்னாடியே சாப்பிடு" என்றார். பிறகு கையில் பையோடு நின்ற மனைவியிடம் திரும்பினார். "உல்கான், நீ அந்தப் பையை உள்ள வை."